திரும்பி வராத கவர்

சபையின் பதிவில் ஒரு பெயரைத் தொடுவதற்கு முன்னால் தையல்நாயகி அம்மையார் கை கழுவுவார். நெடுங்கரைத் திருநீற்றுச் சபையில் அவர் வேலை பார்த்த அத்தனை ஆண்டுகளிலும் இந்த வழக்கம் ஒரு நாளும் தவறியதில்லை. கொல்லைக் குழாயில் கை கழுவி, முந்தானையில் துடைத்து, நெற்றி நிறையத் திருநீறு இட்டுக்கொண்டு வந்து உட்காருவார். பிறகுதான் கணினியின் பொத்தானை அழுத்துவார். கணினி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று கழித்துக் கொடுத்த பழைய பெட்டி அது. அதற்கு உயிர் வந்து திரை வெளிச்சமாவதற்குள் அம்மையார் ஐந்தெழுத்தை நூற்றெட்டு முறை சொல்லி முடித்துவிடுவார்.

சபையின் பணி மிகச் சிறியது. வெளியூரில் வாழும் அடியார்கள் தம் பெயரையும் நட்சத்திரத்தையும் விலாசத்தையும் சபையில் பதிந்து வைப்பார்கள். மாதந்தோறும் அவரவர் நட்சத்திரம் வரும் நாளில் நெடுங்கரைநாதர் சந்நிதியில் குருக்கள் அந்தப் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்வார். மறுநாள் திருநீறு ஒரு மஞ்சள் கவரில் தபாலில் போகும். பெயர்கள் ஆயிரத்தெண்ணூறுக்குச் சற்றுக் கூடுதல். அவற்றைச் சேர்ப்பதும் திருத்துவதும் நீக்குவதும் அம்மையாரின் வேலை. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். கைக்குழந்தையோடு வந்து நின்றவருக்குச் சபையை நிறுவிய குஞ்சிதபாதம் ஐயா கொடுத்த வேலை இது.

விலாசம் எழுதுகிற வேலையில் பக்திக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் உண்டு. அம்மையாரைக் கேட்டால் சிரிப்பார். ஒரு வீட்டு எண் தவறினால் ஓர் அடியாருக்குத் திருநீறு போய்ச் சேராது. ஒரு நட்சத்திரம் தவறினால் இறைவனுடைய காதில் அந்தப் பெயர் வேறு நாளில் விழும். தேரோடும் தெருவில் ஒரே நட்சத்திரத்தில் மூன்று வைத்தியநாதன்கள் இருந்தார்கள். மூவரையும் குரலை வைத்தே அவர் பிரித்தறிவார். பெயரை ஒரு முறை வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் பதிவைத் திறப்பார். மூடும்போது 'சிவசிவ' என்பார். கவரின் மேல் விலாசத்தை அச்சிட்டுவிட்டு, பதிவு எண்ணை மட்டும் தம் கையால் சிவப்பு மையில் எழுதுவார்.

அவரிடம் மூன்று கட்டுப்பாடுகள் இருந்தன. நேரில் பார்க்காமல் யாரையும் பதிவிலிருந்து நீக்கமாட்டார். இறந்தார் என்று நேரில் அறிந்த பிறகு, எவ்வளவு வேண்டியவரானாலும் வைத்திருக்கமாட்டார். திருத்தம் கேட்டு வருகிற எதையும் ஒரு சீட்டில் எழுதி மரத்தட்டில் அடியில் வைப்பார். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, உரியவரைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டாம் முறை கேட்டுச் சரிபார்த்த பிறகே கணினியில் ஏற்றுவார். மேல் சீட்டு முடியாமல் அடுத்த சீட்டு இல்லை. ஊர்த் தலைவர் வந்து நின்றாலும் இதுதான் நடக்கும். 'சாமிக்கு முன்னாடி எல்லாரும் வரிசையிலதான் நிக்கணும்' என்று அவர் சொல்வதை ஊரில் கேலியாகத் திருப்பிச் சொல்வார்கள். அந்தக் கட்டுப்பாடு ஒரு நாள் அவருடைய பெற்ற வயிற்றிலேயே கை வைத்தது.

அவருக்கு ஒரே மகள். அகிலாண்டேஸ்வரி என்று பெயர். அகிலா என்று அழைப்பார்கள். சதய நட்சத்திரம். பதிவு எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. சபையின் கவர்களுக்கு நடுவிலேயே வளர்ந்த பெண். தபால்தலை கிழிந்துவிடக் கூடாதென்று கவரை எப்போதும் இடது ஓரமாகவே கிழிப்பாள். கிழித்த துண்டை எறியாமல் நான்காக மடித்துக் கவருக்குள்ளேயே போட்டு வைப்பாள். பத்தொன்பது வயதில் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். மாதம் தவறாமல் விடுதி விலாசத்துக்கு அம்மா அனுப்பும் கவர் போகும். வந்து சேர்ந்ததும் அவள் தொலைபேசியில் சொல்வாள். இருபத்தொன்றாம் வயதில், ஒரு ஆடி மாதம், அவள் வேறு விடுதிக்கு மாறினாள்.

"அம்மா, ரூம் மாறிட்டேன். புது விலாசத்த எழுதிக்க" என்றாள். அம்மையார் எழுதிக்கொண்டார். சீட்டைத் தட்டில் அடியில் வைத்தார். அதற்கு மேல் பதினொரு சீட்டுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது புதுக்குடி மாசிலாமணி என்பவருடையது. தாம் வீடு மாறிவிட்டதாக அஞ்சலட்டை எழுதியிருந்தார். சரிபார்க்க அம்மையார் அழைத்தபோது அவர் எடுக்கவில்லை. அன்று எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. காலையும் மாலையும் அழைத்துப் பார்த்தார். ஒருவரைத் தாண்டி அடுத்தவரை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நம்மில் யாராக இருந்தாலும் அந்தச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். அவர் வைக்கவில்லை. அதற்குள் சதயம் வந்துவிட்டது. அர்ச்சனை நடந்தது. அகிலாவின் கவர் பழைய விலாசத்துக்கே போனது.

ஐந்து நாள் கழித்து மகள் அழைத்தாள். குரல் கம்மியிருந்தது.

"அம்மா, இந்த மாசம் திருநீறு வரலையேம்மா. விலாசத்த மாத்தலையா நீ?"

"உன் சீட்டு அடியில இருக்குடி கண்ணு. முன்னாடி பதினோரு பேரு இருக்காங்க. ஒருத்தரு போன எடுக்க மாட்டேங்குறாரு. வரிசை வந்ததும் மாத்திடுறேன். ஏன் ஒரு மாதிரி பேசுற?"

"லேசாக் காய்ச்சல். ஒன்னுமில்ல." பிறகு சிரித்தாள். "பெத்த பொண்ணுகூட சாமிகிட்ட வரிசையிலதான் நிக்கணுமா? நல்ல அம்மாதான் நீ."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. லேசான காய்ச்சல் இரண்டு நாளில் முற்றிவிட்டது. அம்மையார் பேருந்து மாறி மாறித் திருப்பூர் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் அவளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அம்மையார் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. தம் நெற்றியிலிருந்த திருநீற்றைத் தொட்டு மகளின் நெற்றியில் வைத்தார். வேறொன்றும் அவர் கையில் இல்லை. மூட்டை மூட்டையாகத் திருநீறு அனுப்புகிற சபையில் இருபது ஆண்டு வேலை பார்த்தவருக்கு அன்றைக்கு ஒரு சிட்டிகைகூடக் கிடைக்கவில்லை. அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து பழைய விடுதிக்கும் போய் விசாரித்தார். அங்கே அப்படி ஒரு கவர் வரவில்லை என்றார்கள். புது விடுதியிலும் இல்லை. சபைக்கும் அது திரும்பி வரவில்லை. சபை அனுப்புகிற கவர் ஒன்று உரியவர் கைக்குப் போகும். இல்லையென்றால், 'இவ்விலாசத்தில் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வரும். இரண்டும் இல்லாமல் போன கவர் இருபது ஆண்டில் அது ஒன்றுதான்.

பதினேழாம் நாள் அம்மையார் வேலைக்கு வந்தார். கை கழுவினார். திருநீறு இட்டார். கணினி விழிக்கும்வரை ஐந்தெழுத்தைச் சொன்னார். தட்டில் மேலே இருந்த மாசிலாமணியின் சீட்டை எடுத்து மறுபடி அழைத்தார். அன்று அவர் எடுத்தார்; விலாசத்தைச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டார். பிறகு பத்துச் சீட்டுகளையும் வரிசைப்படி முடித்தார். பன்னிரண்டாவதாக மகளின் சீட்டு வந்தது. 'அகிலாண்டேஸ்வரி' என்று ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பதிவைத் திறந்தார். 'நிலை' என்ற கட்டத்தில் 'மறைவு' என்று எழுதினார். 'நேரில் பார்த்தவர்' என்ற கட்டத்தில் தம் பெயரை எழுதினார். 'சிவசிவ' என்று சொல்லி மூடினார். இனி அந்தப் பெயர் சந்நிதியில் ஒலிக்காது.

"பதினேழு நாள்கூட முழுசா ஆவல, பொண்ணு பேர அடிச்சுட்டா பாரு. அது பெத்த வயிறா, அதுவும் கம்ப்யூட்டரா?" என்று பக்கத்தில் பொட்டலம் கட்டிய பெண்கள் பேசிக்கொண்டார்கள். அம்மையார் காதிலும் விழுந்தது. அன்று மாலை சந்நிதிக்குப் போய் நின்றார். மகளைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை. ஏன் எடுத்தாய் என்றும் கேட்கவில்லை. "ஊரு உலகத்து விலாசமெல்லாம் திருத்தினேன், பெத்த பொண்ணு விலாசத்தத் திருத்தாம விட்டுட்டேன். அந்தக் கவரு எங்க போச்சுன்னு மட்டும் சொல்லிடு சாமி. எம்பொண்ணு அதக் கேட்டா" என்றார். ஒவ்வொரு நாளும் இதையே கேட்டார். இப்படி இரண்டு ஆண்டு போயிற்று.

குஞ்சிதபாதம் ஐயா காலமானார். அவருடைய மகன் ராஜ்மோகன் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து செயலாளர் ஆனார். கெட்டவர் அல்லர், எதையும் சுத்தமாக, வேகமாக முடிக்க வேண்டும் என்பவர். புதுக் கணினியும் புது மென்பொருளும் வாங்கினார். அடியார்கள் என்று ஐயா அழைத்தவர்களை அவர் கஸ்டமர்கள் என்றார். ஒரு தை மாதக் காலையில் அம்மையார் முன்னால் அச்சிட்ட தாள் ஒன்றை வைத்தார்.

"தையலம்மா, இதுல அறுபத்தியொரு பேரு இருக்காங்க. ஒன்னு போன் நம்பரே இல்ல, இல்லன்னா கூப்பிட்டா எடுக்கறதில்ல. டேட்டாபேஸ்ல சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு. மாசக் கடைசிக்குள்ள எல்லாத்தையும் நீக்கிடுங்க."

"நேர்ல பாக்காம எப்படித் தம்பி நீக்குறது? நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேனே."

"அறுபத்தியொரு வீட்டுக்கா? ஆபீஸ் வேலைய யாரு பாப்பாங்க? போற நாளுக்கு லீவுதான் போட முடியும், சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அம்மையார் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாளிலிருந்து விடிந்ததும் கிளம்பினார். கையில் ஒரு துணிப்பை. அதில் திருநீற்றுப் பொட்டலங்கள், ஒரு நோட்டு, சிவப்புப் பேனா, தூக்குவாளியில் பழைய சோறு. பேருந்து போகும் ஊருக்குப் பேருந்தில் போவார். போகாத ஊருக்கு வாய்க்கால் கரையோடு நடப்பார். வீட்டு வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கேட்பார். 'பணம் கேட்க வந்தவளா' என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். கேட்டின் வெளியே நின்றபடியே அம்மையார் அவருடைய நட்சத்திரத்தைச் சொன்னார், அவருடைய அப்பா பெயரைச் சொன்னார், அவர் வாழ்ந்த மூன்று பழைய விலாசங்களையும் சொன்னார். அந்த மனிதர் தாமே வந்து நாயைக் கட்டிவிட்டு, 'உள்ளாற வாங்கம்மா' என்றார்.

பதினான்காம் நாள் புதுக்குடி. தாளில் இருந்த பெயர் மாசிலாமணி.

குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். சுவரில் மாலை போட்ட ஒரு பெண்மணியின் படம். அருகே மேசையில் தொலைபேசி, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

"போன் இருக்குங்க. எடுக்கத்தான் முடியல" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சம்சாரம் ஆஸ்பத்திரியில கெடந்தா. வீட்டப் பூட்டிட்டு நான் அவ பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஆடி மாசம். இங்க இது அடிச்சுக்கிட்டே இருந்துச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அவ போனப்புறம் இதுல மணி அடிச்சாலே ஆஸ்பத்திரியிலேருந்து சொல்றாங்களோன்னு நெஞ்சு பதறுது. அதான் மூடி வச்சிருக்கேன். அன்னைக்கு யாரு அப்படிக் கூப்பிட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

அம்மையார் துண்டு மூடிய அந்தத் தொலைபேசியைப் பார்த்தார். அன்று அழைத்தவர் தாம்தான் என்று சொல்ல ஒரு சொல் போதும். நீங்கள் எடுக்காத அந்த அழைப்புக்குப் பின்னால் என் மகளின் சீட்டு காத்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்ததோ என்னவோ, இறைவனுக்குத்தான் தெரியும். அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அந்த முதியவர் கையில் கொட்டினார்.

"முக்கியமான போன் எதுவும் இல்லீங்க, அய்யா. மனசப் போட்டு வதைச்சுக்காதீங்க" என்றார். நோட்டில் 'மாசிலாமணி, நேரில் பார்த்தேன், இருக்கிறார்' என்று எழுதினார். வெளியே வந்து வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறக்காமலே அழுதார். வாய்விட்டு அழுதது இரண்டு ஆண்டில் அதுதான் முதல் தடவை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அறுபது பேரைப் பார்த்துவிட்டார். நாற்பத்து நான்கு பேர் உயிரோடு இருந்தார்கள்; பதினாறு பேர் இல்லை. பாக்கி ஒரே ஒரு பெயர், சபையின் முதல் பதிவு. எண் ஒன்று, அம்பலவாணர், ஓடக்கரை கீழ்க்கோடி, நெடுங்கரை. நட்சத்திரம் இல்லை. தந்தை பெயர் இல்லை. தொலைபேசி இல்லை. பழைய பேரேட்டில் குஞ்சிதபாதம் ஐயா தம் கையால் எழுதிய பெயர் அது. நட்சத்திரம் தெரியாதவர்களுக்குத் திருவாதிரை என்பது சபை வழக்கமாதலால், நாற்பது ஆண்டுகளாகத் திருவாதிரைக்கு மறுநாள் அந்தக் கவர் போய்க்கொண்டிருந்தது. 'இவர் யாருங்கய்யா?' என்று அம்மையார் ஒரு முறை கேட்டிருக்கிறார். 'கவர் திரும்பி வந்துச்சா? வரலல்ல? அப்ப வாங்கிக்கிறாருன்னு அர்த்தம்' என்று சொல்லிவிட்டு ஐயா வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று சதய நட்சத்திரம். அம்மையாருக்கு அது நினைவில் இருந்தது. மகள் போனபின் எந்தச் சதயமும் அவருக்குத் தெரியாமல் கழிந்ததில்லை. காலையில் ஓடக்கரைக்கு நடந்தார். கரை திரும்பும் இடத்தில் தபால்காரர் இருதயராஜ் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்.

"கீழ்க்கோடியா? அங்க வீடு ஏதும்மா" என்றார் அவர். "மூங்கில் புதருக்குள்ள இடிஞ்ச கோயில் ஒன்னு கெடக்கு. அவ்வளவுதான். எனக்கு முன்னாடி இருந்த தபால்காரரு சொல்லிக் குடுத்தாரு, அம்பலவாணர் கவர அந்த வாசப்படிக் கல்லு மேல வச்சுட்டு வந்துடுன்னு. வைப்பேன். அடுத்த மாசம் போறப்ப பழசு இருக்காது. யாரோ வந்து எடுத்துக்கிறாங்கன்னு நெனச்சுக்குவேன். நான் உள்ள போனதில்ல."

"அந்தக் கவரத் தவிர வேற எதையாவது அங்க வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. மாசம் ஒன்னே ஒன்னுதான்."

அவர் போய்விட்டார். அம்மையார் மூங்கிலை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். செங்கல் சுவர் மூன்று பக்கம் நின்றது, கூரை இல்லை. அரச வேர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவலிங்கம். அதன் மேல் அன்றைக்குப் பூசியதுபோல் திருநீறு, ஈரம்கூடக் காயவில்லை. தரையில் சருகு கிடந்தது. யாரும் நடந்து வந்த தடம் இல்லை. லிங்கத்தின் அடியில் மஞ்சள் கவர்கள், நாற்பது ஆண்டுக் கவர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை கலையாமல் அடுக்கி இருந்தன. அம்மையார் தம் மேசைத் தட்டில் சீட்டுகளை எப்படி அடுக்கி வைப்பாரோ அப்படியே இருந்தது. ஒரு மழை, ஒரு கரையான் அவற்றைத் தொட்டதாகத் தெரியவில்லை. அத்தனையிலும் எண் ஒன்று. பாதி ஐயாவின் கையெழுத்து, மீதி சிவப்பு மையில் அம்மையாரின் கையெழுத்து.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கவரில் மட்டும் எண் ஒன்று இல்லை. சிவப்பு மையில் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு என்று இருந்தது. அகிலாண்டேஸ்வரி என்ற பெயரும், திருப்பூர்ப் பழைய விடுதியின் விலாசமும், இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஆடி மாதத் தபால் முத்திரையும் இருந்தன. கவர் இடது ஓரமாகக் கிழிக்கப்பட்டிருந்தது. தபால்தலையில் ஒரு கீறல் இல்லை.

அம்மையார் கை கழுவ ஓடினார். ஆம், அந்த நிலையிலும் பக்கத்தில் ஓடிய ஓடைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்துதான் அதைத் தொட்டார். உள்ளே திருநீறு இல்லை. நான்காக மடித்த ஒரு காகிதத் துண்டு இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் சருகின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வந்துடுச்சாடி உனக்கு? வந்துடுச்சாடி, எங்கண்ணு?" என்றார். "நான் மாத்தலடி. நான் உன் விலாசத்த மாத்தவே இல்ல. இவரு மாத்திட்டாரா?"

ஓடையில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் நெற்றியை அந்தக் கல்லில் வைத்து வெகுநேரம் கிடந்தார். எழுந்தபோது அவருடைய நெற்றியில் திருநீறு இருந்தது. அந்தக் காகிதத் துண்டைக் கவருக்குள் போட்டுக் கவரை இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு நோட்டைத் திறந்து எழுதினார்: 'எண் ஒன்று, அம்பலவாணர். நேரில் பார்த்தேன். இருக்கிறார்.'

சபைக்குத் திரும்பியபோது வாசலில் சபேச குருக்கள் நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"தையலம்மா, நீங்க என்னை மன்னிக்கணும்" என்றார். "இன்னிக்குச் சதயம். நீங்க குடுத்த லிஸ்டைப் பார்த்துத்தான் அர்ச்சனை பண்ணிண்டிருந்தேன். கடைசிப் பேரு முடிஞ்சுது. தட்டை எடுக்கறேன், வாயிலே அகிலாண்டேஸ்வரின்னு வந்துடுத்து. லிஸ்டிலே இல்லே. நீங்க நீக்கின பேருன்னு நன்னாத் தெரியும். நான் சொல்லலை அம்மா, என் வாயைக் கொண்டு யாரோ சொன்னா. அதே க்ஷணம் ஸ்வாமி மேலேருந்து ஒரு பூ வந்து தட்டிலே விழுந்தது. போனவா பேரைச் சொல்லிட்டேனேன்னு உங்களைத் தேடிண்டு வந்தேன்."

"எத்தன மணி இருக்கும் சாமி?"

"ஒன்பது."

அம்மையார் கவரைக் கையில் எடுத்த நேரம் அதுதான். அவர் குருக்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க தப்பா எதுவும் சொல்லல. பதிவுதான் தப்பா இருந்துச்சு" என்றார்.

உள்ளே போய்க் கை கழுவினார். 'அகிலாண்டேஸ்வரி' என்று வாய்க்குள் சொல்லிப் பதிவைத் திறந்தார். தாம் சரிபார்க்காத எதையும் இருபத்திரண்டு ஆண்டில் எழுதாத அவர், 'நிலை' என்ற கட்டத்திலிருந்த 'மறைவு' என்ற சொல்லை அழித்துவிட்டு 'விலாச மாற்றம்' என்று எழுதினார். புதிய விலாசம்: எண் ஒன்று, அம்பலவாணர் இல்லம், ஓடக்கரை கீழ்க்கோடி, நெடுங்கரை. நேரில் பார்த்தவர் என்ற கட்டத்தில் தம் பெயர் ஏற்கெனவே இருந்தது. அதை அப்படியே விட்டார். எழுத்துகள் திரையில் கலங்கலாகத் தெரிந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக மறுபடி சரிபார்த்தார்.

செயலாளர் ராஜ்மோகன் பின்னால் வந்து நின்றிருந்தார். சந்நிதியில் நடந்ததைக் குருக்கள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தம் தகப்பனார் முதல் பதிவாக எழுதிய பெயர் திரையில் இருப்பதை அவர் பார்த்தார். கடைசியில், "இதுக்குப் போன் நம்பர்?" என்று கேட்டார். கேட்டவர் குரலில் பழைய வேகம் இல்லை.

"சந்நிதியில நின்னு கேட்டதுக்குப் பதில் வர ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. ஆனா வந்துடுச்சு" என்றார் அம்மையார்.

ராஜ்மோகன் அந்த அறுபத்தியொரு பெயர் கொண்ட தாளை அவரிடமிருந்து வாங்கிக் கிழித்துப் போட்டார். பிறகு கொல்லைக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. செயலாளர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதத்திலிருந்து ஓடக்கரைக்கு இரண்டு கவர்கள் போயின, திருவாதிரைக்கு மறுநாள் ஒன்று, சதயத்துக்கு மறுநாள் ஒன்று. அதன்பிறகு அம்மையார் இருந்த காலம்வரை அவை திரும்பி வந்ததில்லை. ஒன்று எப்போதும் இடது ஓரமாகக் கிழிக்கப்பட்டிருக்கும் என்று சொல்வார்கள். மகள் திரும்பி வரவில்லை. அந்தப் பள்ளம் அவருக்கு நிறையவே இல்லை. சில மாலைகளில் தட்டின் அருகே சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் பெற்ற மகளையும் அடியார்களின் வரிசையில் கடைசியாக நிறுத்திய தாய்க்காக, இறைவன் அந்த மகளைத் தம் வீட்டு எண்ணுக்கே அழைத்து வைத்துக்கொண்டார். தையல்நாயகி அம்மையாரின் பெயரை எழுத உட்கார்ந்த இன்று காலை, நானும் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன்.